கழுவி வந்த கேரியர்

காலையில் கழிவறையைத் தேய்க்கப் போனால் உர்சுலாவின் கண்ணில் முதலில் படுவது எறும்புதான். தரையோடு பதித்த வெள்ளைத் தொட்டியின் விளிம்பில், கணவர் சவரிராஜ் சிறுநீர் கழித்துவிட்டுப் போன இடத்தைச் சுற்றி, யாரோ சீனியைச் சிந்திவிட்டதுபோல மொய்த்துக் கிடக்கும். தண்ணீரை ஊற்றினால் அடித்துக்கொண்டு போகும். துடைப்பத்தைக் கழுவி வைப்பதற்குள் மறுபடியும் சுவரோரமாக வரிசை கட்டி வரும். அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை ஒன்று அந்தச் சின்ன அறையில் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. எத்தனை மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் அது போகவில்லை. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு அவள் தேய்ப்பாள். எறும்பு வந்தால் உடம்பில் இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை வியாதி, இறங்கவில்லை என்று பொருள். இனிப்பு நீர் இறங்காவிட்டால் அவருடைய கால் போய்விடும்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் ஓரறை வாடகை வீடு. சவரிராஜ் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டினார். உர்சுலா விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்துவிட்டு ஷென்டன் வேயில் ஒரு அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கப் போவாள். ஒரே மகள் ரோசம்மா, உயர்நிலைப் பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பூட்ஸ் உராய்ந்து சவரிராஜின் குதிகாலில் வந்த புண் மாதக் கணக்கில் மூடவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் வியாதி தெரிந்தது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் காலை வெட்ட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அங்கிருந்த சீன நர்ஸ் உர்சுலாவைத் தனியாக உட்காரவைத்து மலாயில் பாடம் நடத்தினாள். சோறு ஒரு சின்னக் கிண்ணம். மீன் வேண்டும். கீரை, பாகற்காய், பயத்தங்காய் வேண்டும். இரவில் கேழ்வரகு நல்லது. ஆப்பிள் பாதி தரலாம். டின் பால் கூடாது, பரோட்டா கூடாது, கறுப்பு பீர் கூடவே கூடாது. உர்சுலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அவள் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதெல்லாம் கடையில் கொள்ளை மலிவாகக் கிடைப்பவை. அரிசி, மைதா, சீனி, டின் பால், இவற்றை வைத்துத்தான் அவளைப் போன்றவர்கள் அந்த ஊரில் வயிற்றை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். வேண்டும் என்று சொன்னதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருகிறவை.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போவாள். கடைகட்டும் நேரத்தில் போனால்தான் விலை படியும். அந்த நேரத்தில் தரையெல்லாம் மீன் கழுவிய தண்ணீரும் கோழி இரத்தமும் ஓடும். சேலைக் கரை நனைந்து காலில் ஒட்டும். செவுள் குவியலில் ஈ மொய்க்கும். இருப்பதிலேயே மலிவான கெம்போங் மீன்களைக் கண் குழிந்த நிலையில் கூறு கட்டிப் போட்டிருப்பார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு அதில் நல்லதாகப் பொறுக்கி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். சவரிராஜ் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். பூனைக்குப் போடும் மீனை மனுஷனுக்குப் போடுகிறாயே என்றார். அவருக்கு வஞ்சிரம் வேண்டும், இங்கே தெங்கிரி என்பார்களே, அது வேண்டும். அதுவும் நடுத்துண்டம்.

உர்சுலா தெங்கிரி வாங்கினாள். தினமும் ஒரே ஒரு துண்டம், சவரிராஜின் டிபன் கேரியருக்கு. மூன்று அடுக்குக் கேரியர் அது. மேல் அடுக்கில் மீன், நடுவில் கீரையும் பாகற்காயும், அடியில் அளந்து போட்ட சோறு. மூடியின் மேல் துணியில் முடிந்த பாதி ஆப்பிள். அந்தக் கேரியரை நிரப்பிவிட்டு வீட்டில் மீதி இருப்பதைத்தான் தாயும் மகளும் தின்றார்கள். மீதி என்றால் சோறும் கறுத்த கிச்சாப் என்னும் சோயாச் சாறும். சில நாள் பொரித்த நெத்திலி. மாதக் கடைசியில் கருவாட்டுத் தலை. அந்தக் கருவாட்டு வாடை ரோசம்மாவின் பள்ளிச் சட்டையில் ஏறி, பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிப்போனாள். ரோசம்மாவின் பால்மாவு டின்னை நிறுத்தியதும் அந்த மாதத்தில்தான்.

அவள் கூட்டும் அலுவலகத்தில் ஒரு அம்மாள் உடம்பு இளைப்பதற்காக மத்தியானம் ஆப்பிள் மட்டும் தின்பாள். இரண்டு கடி கடித்துவிட்டு மீதியைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிடுவாள். பழத்தின் மேல் உதட்டுச் சாயம் சிவப்பாகப் பதிந்திருக்கும். ஒருநாள் உர்சுலா அதை எடுத்துக் கழுவி, கடித்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்தாள். ரோசம்மா பாதி தின்றுவிட்டு, ஏம்மா இதில் சிகரெட் நாற்றம் அடிக்கிறது என்று கேட்டாள். உர்சுலா சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவளைத் தாங்கிப் பிடித்தது ஒன்றே ஒன்று. கேரியர் கழுவி வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் சவரிராஜ். அவர் குடும்பத்து ஆண்கள் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. தின்ற இடத்திலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார்கள். அப்படிப்பட்டவரின் கேரியர் திடீரென்று சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அடுக்கு மாறாமல் பூட்டித் திரும்பி வந்தது. அவள் திகைத்துப்போய்க் கேட்டபோது சவரிராஜ் சட்டையைக் கழற்றி மாட்டியபடியே சொன்னார்.

"நான்தான் கழுவுனேன். நீயும் எவ்வளவுதான் செய்வ, பாவம்."

பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் காதில் விழுந்த முதல் பாவம் அது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எதிர்வீட்டுப் பிலோமினம்மாளிடம் சொன்னாள். பிலோமினம்மாள் கோயில் ஜெபக் கூட்டத்தில் சொன்னாள். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் சவரிராஜைத் தங்கள் கணவன்மார்களுக்குக் காட்டி, அவரைப் பாருங்கள் என்று இடித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை அடக்கம் என்று உர்சுலா நம்பினாள். எந்த ஊர்ப் பெண்ணாவது கழுவிய பாத்திரத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவாளா?

ஆனால் எறும்பு மட்டும் போகவில்லை.

தினமும் அதே வரிசை, அதே அழுகல் வாடை. புண்ணின் ஓரம் வெளுத்து ஊறிப்போய், கட்டுப் பிரிக்கும்போது பஞ்சோடு தோல் வந்தது. அவள் தன் சமையலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டாள். கீரை முற்றலாக இருந்திருக்குமோ, மீன் சின்னத் துண்டமாகப் போய்விட்டதோ என்று தவித்தாள். தான் காலையில் தின்னும் ரொட்டியை நிறுத்தினாள். துண்டத்தைப் பெரிதாக வாங்கினாள். இரவில் சவரிராஜ் கேழ்வரகுக் களியைப் பிசைந்து உருட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவார். பாதியிலேயே போதும் என்று எழுந்துவிடுவார். நோயாளிக்குப் பசி எடுக்கவில்லையே என்று அதற்கும் அவள் கலங்கினாள்.

ஒருநாள் ரோசம்மா பள்ளிக்கூடத் திடலில் மயங்கி விழுந்தாள். பள்ளிக்கு வந்திருந்த நர்ஸ் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை, கீரையும் மீனும் முட்டையும் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னதை ரோசம்மாவே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, பரவாயில்லம்மா, வெயில்தான் காரணம் என்று தானே ஒரு சமாதானமும் சொன்னாள்.

மறுநாள் விடியற்காலையில் வாணலியில் ஒரு துண்டம் மீன் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை வெந்துகொண்டிருந்தது. தரையில் பாய் மேல் ரோசம்மா வெளிறிய முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள். உர்சுலா கரண்டியோடு நின்றாள். ஒரு பக்கம் மகளின் வெளுத்த உதடு, இன்னொரு பக்கம் புருஷனின் கால். கால் போனால் வேலை போகும், வேலை போனால் இந்தக் கிச்சாப் சோறும் போகும். மாதாவே, என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லிக்கொண்டு மீனை எடுத்துக் கேரியரில் வைத்து மூடினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சவரிராஜ் வழக்கம்போல் காப்பிக்கடைக்குப் போய்விட்டார். உர்சுலா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒருவர் வந்து நின்றார். தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் ஒரு பை ஆரஞ்சு. பெயர் வேலாயுதம், துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கிளார்க் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். மனைவி இறந்து தனியாக பஃபலோ ரோட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாராம். எதிர்வீட்டுக் கதவு இலேசாகத் திறந்தது. பிலோமினம்மாளின் ஒரு கண் தெரிந்தது.

வந்தவர் உள்ளே வரவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டுக் கை கூப்பினார்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்மா. சீனி பாதிக்குப் பாதி எறங்கிடுச்சு. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. யாரு சமைக்கிறான்னு கேட்டாரு. உங்க கைச் சாப்பாடுதான்மா எனக்கு உயிர் கொடுத்துச்சு. நேர்ல வந்து சொல்லாம இருக்க மனசு கேக்கல."

உர்சுலாவுக்குப் புரியவில்லை. என்ன சாப்பாடு என்று கேட்டாள்.

"நீங்க சவரிகிட்ட கொடுத்தனுப்புற கேரியர்தான். மாசா மாசம் காசு அவருகிட்ட கொடுத்துடறேனே, உங்ககிட்ட வந்து சேருதுல்ல?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். குரல் மட்டும் ஆச்சரியப்படும்படி நிதானமாக வந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டாள். மழைக்காலத்துக்கு முன்னாலிருந்து என்றார். அப்படியானால் தன் புருஷன் என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். வேலாயுதத்தின் முகம் மாறியது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைக்கத் தொடங்கியது.

"கேன்டீன்ல பரோட்டா... சீனி தொட்டுக்குவாரு. சாயங்காலம் கறுப்பு பீர். நான் சொல்லியிருக்கேன் லா, சவரி, உனக்கும் இதே வியாதிதானேன்னு. வீட்டுல எனக்குத் தனியா நல்லா சமைச்சுப் போடறா, இது சும்மா ருசிக்குன்னாரு."

"கேரியரக் கழுவுறது யாரு?"

"நான்தான்மா. ஒருத்தர் வீட்டுப் பாத்திரத்த எச்சிலோட திருப்பிக் கொடுக்கலாமா?"

உர்சுலா கழிவறைக்கு ஓடினாள். அதே வெள்ளைத் தொட்டியின் முன் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் கசப்புத் தண்ணீர் வந்தது. அவள் மகளின் வாயிலிருந்து பிடுங்கிய மீன் ஊர் பேர் தெரியாத ஒருவரின் உடம்பில் இரத்தமாக ஓடுகிறது. கீரை தன் வேலையைச் செய்துவிட்டது. பாகற்காய் தன் வேலையைச் செய்துவிட்டது. அவள் சமையலில் ஒரு குறையும் இல்லை. எறும்புகள் அவள் முகத்துக்கு அருகில் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தன.

வெளியே வேலாயுதம் போய்விட்டிருந்தார். ஆரஞ்சுப் பை வாசலிலேயே இருந்தது.

சவரிராஜ் திரும்பி வந்தபோது வாயில் பொரித்த வாழைப்பழத்தின் எண்ணெய் மினுமினுத்தது. அவள் கேட்டாள். முதலில் மழுப்பினார். பிறகு சிரித்தார். அப்புறம் கோபப்பட்டார். அவரைப் போன்ற வின்ச்காரன் நோயாளி மாதிரி மூலையில் உட்கார்ந்து இலை தழையைத் தின்றால் கேங்கில் இருப்பவர்கள் ஆடு என்று கூப்பிடுகிறார்களாம். அந்தக் கசப்பை எவன் தின்பான் என்றார். வீணாக்கினால்தானே பாவம், இன்னொருத்தனுக்கு உதவியதில் என்ன பாவம் என்றார். பெண்கள் கோயில் வாசலில் அவரைப் புகழ்ந்தபோது குனிந்த அதே தலை இப்போது கொஞ்சமும் குனியவில்லை.

"உங்க பொண்ணு மயங்கி விழுந்தாளே" என்றாள் உர்சுலா.

"அதுக்கு நான் என்ன பண்றது? மீனை அவளுக்குப் போடாம எனக்குக் கட்டுனது நீதானே."

அந்தச் சொல் அவளைக் கன்னத்தில் அறைந்தது. அது பொய்யாக இருந்திருந்தால் அவள் கத்தியிருப்பாள். பொய் இல்லையே. எண்ணெய் மினுங்கும் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த வாயைக் காப்பாற்றவா என் பிள்ளையைப் பட்டினி போட்டேன் என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் புருஷனைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது.

திங்கட்கிழமை கேரியர் நிரம்பவில்லை. பொரித்த மீனும் கீரையும் ரோசம்மாவின் தட்டில் விழுந்தன. எலும்பையும் விடாமல் சப்பித் தின்ற மகளைப் பார்க்க முடியாமல் உர்சுலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சவரிராஜ் வெறுங்கையோடு வேலைக்குப் போனார். வீராப்புக்காக இன்னும் அதிகமாகத் தின்றார், இன்னும் அதிகமாகக் குடித்தார். எதிர்வீட்டுப் பிலோமினம்மாள் வந்து, ஆம்பளை அப்படித்தான், நீ பொறுத்துப் போ, காலைக் காப்பாற்று என்று கெஞ்சினாள். கேரியரை நிறுத்திவிட்டாலும் வீட்டில் அவருக்கு வைக்கும் கேழ்வரகை உர்சுலா ஒருநாளும் நிறுத்தவில்லை. அவர்தான் அதைத் தொடுவதில்லை.

ஈஸ்டருக்கு முன்பு குதிகால் கறுத்தது. வீட்டுக்குள் செத்த எலியின் நாற்றம் வீசியது. ரோசம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போய்ப் படித்தாள். உர்சுலா கட்டைப் பிரித்தபோது உள்ளே புழு நெளிந்தது. அதை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருந்தபோது டாக்டர் வந்தார். இளம் வயது, வேலைக் களைப்பில் எரிச்சல். கட்டிலைச் சுற்றி மற்ற நோயாளிகளின் உறவினர்கள் நின்றிருந்தார்கள். நர்ஸ் மலாயில் எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் உர்சுலாவைக் கேட்டார். வீட்டில் என்ன சமைத்துப் போட்டாய்? நாங்கள் சொன்னது ஒன்றையாவது கேட்டாயா? இந்தியர் வீட்டுப் பெண்கள் எல்லாம் இப்படித்தான், புருஷனுக்கு அன்பு என்று சீனியையும் எண்ணெயையும் ஊட்டிக் கொல்கிறீர்கள்.

பக்கத்துக் கட்டிலருகே நின்ற தமிழ்க் கிழவி ஒருத்தி இச்சுக் கொட்டினாள். எல்லார் கண்ணும் உர்சுலாவின் மேல் விழுந்தது. அவள் தலையைத் திருப்பிச் சவரிராஜைப் பார்த்தாள். மயக்கம் தெளிந்து விழித்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது. இப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். அவள் மேல் தப்பில்லை என்ற ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் வெட்டிய காலோடு மற்றதையும் அவள் புதைத்திருப்பாள்.

சவரிராஜ் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உர்சுலா நர்ஸைப் பார்த்தாள். தெரிந்த மலாயில், வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க சொன்ன சாப்பாட்டத்தான் ஒருநாள் விடாம சமைச்சேன். அது ஒருத்தருக்கு வியாதியக் குணப்படுத்திடுச்சு. அவரு நல்லா நடமாடுறாரு. இவரு அத வித்துட்டாரு."

நர்ஸ் அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லவில்லை. டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சவரிராஜ் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார். வேலை போனது. வேலாயுதம் ஒருநாள் பிலோமினம்மாளிடம் வந்து, தன்னால் நேர்ந்த பாவம் என்று கண் கலங்கினார். தானும் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரும் முறையாகக் காசு கொடுத்துச் சாப்பாடு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். பிலோமினம்மாள் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்நிய ஆம்பளைக்குச் சமைத்துப் போட்டால் கோயிலில் நாலு பேர் பேசுவார்களே என்று பயந்தாள்.

"இந்த வீட்டுச் சோறு ஏற்கெனவே வித்த சோறுதானேக்கா" என்றாள் உர்சுலா. "இப்ப நானே விக்கிறேன்."

அப்படித்தான் அவள் பிழைத்தாள். துறைமுகத்துக்குப் போகும் சாப்பாட்டுக்காக மீனையும் கீரையையும் மொத்தமாக வாங்கியதில் விலை குறைந்தது. மகளின் தட்டுக்கும் அதே மீன் வந்தது. அடுத்த முறை பள்ளிக்கு நர்ஸ் வந்தபோது ரோசம்மாவின் இமையின் உட்புறம் இரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. எண்பதுகளில் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீடு கிடைத்துப் போனபோதும் உர்சுலாவின் சமையல் நிற்கவில்லை.

அவளைப் பற்றிக் கோயிலில் இரண்டு விதமாகப் பேசினார்கள். புருஷனை அப்படிப் பார்த்துக்கொள்ள வேறு யாரால் முடியும் என்றார்கள் சிலர். வெட்டிய காலுக்குக் கட்டுப் போடுவாள், குளிப்பாட்டுவாள், வேளைக்கு உணவு வைப்பாள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஊர் கேட்கப் புருஷனின் மானத்தை வாங்கியவள், அவளுக்கு இதயமே கிடையாது என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

ஒவ்வொரு வேளையும் சவரிராஜின் முன்னால் அளந்த சோறும் கெம்போங் மீனும் பாகற்காயும் வைத்துவிட்டு எதிரில் நிற்பாள். அவர் கெம்போங்கைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு கவளமும் வாய்க்குள் போய்த் தொண்டையில் இறங்குகிறதா என்று கண் எடுக்காமல் பார்ப்பாள். அன்று எண்ணெய் மினுங்கிய அந்த உதடு அசைவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அருவருக்கும். பார்த்துக்கொண்டே நிற்பாள். தட்டு காலியானதும் அதை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய், வேறு இடத்தில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்பாள்.